2.5 போட்ட ஸ்டாண்ட் ஃபேன்: ஒரு ரிப்பேர் கேஸ் முழுசா

மார்ச் மாசக் கடைசி, காலைல கடையத் தொறந்து பெஞ்சத் தொடச்சிக்கிட்டு இருக்கிறப்ப ஒரு பெரியம்மா உரப்பையில சுத்தின ஸ்டாண்ட் ஃபேன் ஒண்ணத் தோள்ல வச்சிக்கிட்டு வந்தாங்க, கினிகத்தேன ரோட்டுல ஒரு தோட்டத்துல இருந்து பஸ்ல ஏறி நாவலப்பிட்டி டவுன் வரைக்கும் அதத் தூக்கிக்கிட்டே வந்திருக்காங்க. "தம்பி, இத இன்னைக்கே பாத்துக் குடுத்துருப்பா, பெரியப்பா படுத்த படுக்கையா இருக்காரு, வேத்து வேத்து முதுகெல்லாம் புண்ணாகுது"ன்னாங்க. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாச்சாம். அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே அந்தப் பையில இருந்து மோட்டார் கம்பிக்குப் பூசுற வார்னிஷ் கருகின வாடை எனக்கு அடிச்சிருச்சு.

மலைநாட்டுல எதுக்கு ஃபேன்னு வெளிய உள்ளவங்க கேப்பாங்க. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல, அங்க ஃபேன் தேவையில்ல. நாவலப்பிட்டி 600 மீட்டர்கூட வராது, மார்ச் ஏப்ரல்ல தகரக் கூரை போட்ட லயத்து வீட்டுக்குள்ள (தோட்டத் தொழிலாளிங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டின வீடு) பகல் 2 மணிக்குப் போய் நின்னு பாருங்க, தலைக்கு மேல அடுப்பு எரியிற மாதிரி இருக்கும். சீலிங் ஃபேன் மாட்ட உயரமும் பத்தாது, அதனால லயத்துல எல்லாரும் ஸ்டாண்ட் ஃபேன் இல்லாட்டி டேபிள் ஃபேன்தான். பெரியப்பாவுக்கு அது ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடுது. இந்தக் கணக்க ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னால வரும்.

வாடை வந்த ஃபேன நான் உடனே கரண்ட்ல குத்திப் பாக்க மாட்டேன். ப்ளக் இல்லாம பிளேட விரலால சுத்தி விட்டேன், ரெண்டு சுத்துல நின்னுருச்சு, அப்ப புஷ், அதாவது தண்டு உக்காந்து சுத்துற வளையம், இறுகியிருக்கு. பின் மூடியக் கழட்டினா உள்ள ரெண்டு விசயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, ஃபேனச் சுத்த வைக்க உதவுற கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய எடத்துல அதுக்கு அடங்காத பெரிய கருப்புப் பெட்டி ஒண்ணு, மூடி அமுக்கினதுல ஒரு பக்கம் கீறல் விழுந்து, மேல 2.5 மைக்ரோ ஃபராட்னு (அதுதான் கெப்பாசிட்டரோட அளவு) எழுதியிருக்கு. அது சீலிங் ஃபேனுக்குப் போடுறது. ரெண்டாவது விசயம் அத விட மோசம். வைண்டிங், அதாவது மோட்டாரோட கம்பிச் சுருள் மேல நூலால கட்டி வச்சிருக்கிற, சூடு ஏறினா தானா அத்துப் போற தெர்மல் ஃபியூஸோட ரெண்டு காலையும் ஒரு துண்டு வயரால சேத்து முறுக்கி டேப் சுத்தியிருந்துச்சு. அதாவது ஃபியூஸ் போயிருச்சு, ஃபியூஸத் தாண்டி நேரா கரண்ட் போற மாதிரி யாரோ பண்ணி விட்டிருக்காங்க.

பெரியம்மாகிட்ட ஒவ்வொண்ணா கேட்டேன். ஆறு மாசத்துக்கு முன்னால ஃபேன் மெதுவாகி, கையால தள்ளி விட்டாத்தான் சுத்துற நெலமைக்கு வந்துச்சாம். பக்கத்து லயத்துப் பையன் ஒருத்தன் டவுன்ல கெப்பாசிட்டர் வாங்கிப் போட்டுக் குடுத்தானாம், "அப்பறம் காத்து நல்லா பிச்சிக்கிட்டு வந்துச்சு தம்பி, ஆனா தொட்டா சுடும்"னாங்க. மூணு வாரத்துல ஒரேடியா நின்னுருச்சு. அடுத்து வயரிங் வேலை செய்யிற பாஸ் ஒருத்தர் பாத்து அஞ்சே நிமிசத்துல ஓட வச்சிட்டுப் போனாராம், அதுல இருந்துதான் இந்த வாடை. பழைய கெப்பாசிட்டர் எங்கன்னு கேட்டேன், தெரியலன்னுட்டாங்க. இந்தக் கேஸ்ல பெரிய சிக்கல் அதுதான், ஒரிஜினல் நம்பர் கையில இல்ல. ஃபேன் பின்னால ஒட்டியிருக்கிற லேபிள்ல 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 50 வாட்னு இருக்கு, கெப்பாசிட்டர் நம்பர் இல்ல.

அந்தப் பையன நான் கொறை சொல்ல மாட்டேன். கடையில போய் "ஃபேன் கெப்பாசிட்டர் ஒண்ணு"ன்னு கேட்டா நம்ம ஊர்ல முக்கால்வாசி எடுத்துக் குடுக்கிறது 2.5தான், ஏன்னா சீலிங் ஃபேனுக்கு அதுதான் அதிகமா ஓடுது, சிலதுக்கு 3.15. ஸ்டாண்ட் ஃபேன், டேபிள் ஃபேனுக்கு பொதுவா 1ல இருந்து 2க்குள்ளதான் இருக்கும், 1, 1.2, 1.5, 2 இப்பிடி. போட்டவுடன வேகம் கூடினதும் பையன் நல்ல வேலை செஞ்சிட்டோம்னுதான் நெனச்சிருப்பான், வீட்டுக்காரங்களும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க. ஆனா அந்த வேகத்த வைண்டிங் தன்னை எரிச்சுத்தான் குடுக்குது.

ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். இந்த மோட்டார்ல ரெண்டு வைண்டிங் இருக்கு, ஒண்ணு மெயின், இன்னொண்ணு துணை வைண்டிங். வீட்டுக்கு வர்ற ஒத்தக் கரண்ட்ட வச்சு சுத்துற காந்தத்த உண்டாக்க முடியாது, அது முன்னும் பின்னும் ஆடத்தான் செய்யும், அதனால துணை வைண்டிங்கோட கெப்பாசிட்டர வரிசையா போட்டு அதுல போற கரண்ட்ட கால் சுத்து முன்னால தள்ளி விடுறாங்க. ஃபேன் ஓடுற நேரம் முழுக்க கெப்பாசிட்டர் வேலை செஞ்சிக்கிட்டேதான் இருக்கும். துணை வைண்டிங்ல எவ்வளவு கரண்ட் போகணும்னு பெரும்பாலும் முடிவு பண்றதே இந்தக் கெப்பாசிட்டர்தான். கொறைஞ்சா கரண்ட் கொறையும், இழுவை கொறையும், ஃபேன் உறுமிக்கிட்டு நிக்கும். கூடினா கரண்ட் கூடும், சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும். முழுசா போயிருச்சுன்னா நீங்க எந்தப் பக்கம் தள்ளி விடுறீங்களோ அந்தப் பக்கமே சுத்தும், இடமும் வலமும் ரெண்டும் ஒண்ணுதான். ஃபேன் பின்பக்கமா சுத்துதுன்னு யாராவது கொண்டு வந்தா முதல்ல நான் கெப்பாசிட்டரத்தான் பாப்பேன்.

பாஸ் செஞ்ச வேலை பத்தி சொல்லியே ஆகணும். வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்கே, எதாச்சும் ஆனா விழுந்துரும்னு நெனைக்கிறவங்க நெறைய. ட்ரிப் சுவிட்ச் விழுறது கரண்ட் நிலத்துக்குக் கசிஞ்சாத்தான். 50 வாட் ஃபேன் 100 வாட் இழுத்து எரிஞ்சாலும் பிரேக்கருக்கு அது ஒரு பல்ப் கணக்குதான், அதுவும் விழாது. அந்த ரெண்டு காலுள்ள, அரிசி மணிய விடக் கொஞ்சம் பெருசான ஃபியூஸ் ஒண்ணுதான் வைண்டிங்குக்கும் நெருப்புக்கும் நடுவுல நிக்குது. லயத்துல ஒரு காம்பராவுல, அதாவது ஒரு வீட்டு அறையில தீ புடிச்சா வரிசையோட போயிரும், எல்லாக் கூரையும் ஒண்ணோட ஒண்ணு சேந்தது. அதுவும் எந்திரிச்சு ஓட முடியாத மனுசன் கட்டில் பக்கத்துல ராத்திரி பூரா ஓடுற ஃபேன்ல அந்த ஃபியூஸ முறுக்கி விட்டுட்டுப் போறது, என்னால ஏத்துக்கவே முடியல.

சரி, வைண்டிங் தப்பிச்சிருக்கான்னு பாக்கணும். வார்னிஷ் ஒரு பக்கம் காப்பிக் கலர்ல மாறியிருந்துச்சு, ஆனா உதிரல. ஓம் மீட்டர்ல மெயின் 410, துணை 480, ரெண்டும் நிலையா நின்னுச்சு. கரண்ட் பாடிக்குக் கசியுதான்னு பாக்கிற மெக்கர் மீட்டர் ஒண்ணு இரவல் வாங்கி 500 வோல்ட்ல பாடிக்குப் பாத்தேன், 20 மெகா ஓமுக்கு மேல காட்டுச்சு. 2 மெகா ஓமுக்குக் கீழ இருந்திருந்தா நான் அந்த ஃபேனத் திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன். அப்பறம் ரெண்டு புஷ்ஷையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவினேன், உள்ள பிசின் மாதிரி மஞ்சளா ஒட்டியிருந்துச்சு, அது தேங்காண்ண. நம்ம வீடுகள்ல ஃபேன் இறுகினா தேங்காண்ண விடுறது வழக்கம், தயவு செஞ்சு விடாதீங்க, சூட்டுல அது நாளாக நாளாகக் கெட்டியாகி ஒட்டிரும். தையல் மெஷின் ஆயில் போதும், சுத்தி இருக்கிற ஃபெல்ட்டும் நல்லா ஊறணும். ஃபியூஸ் மேல 125 டிகிரின்னு எழுத்து இன்னும் தெரிஞ்சுச்சு, அதே 125, 2 ஆம்பியர் வாங்கி அதே எடத்துல வைண்டிங்க ஒட்டினாப்ல கட்டினேன். அத சால்டர் பண்ணக் கூடாது, சால்டர் சூட்டுலயே ஃபியூஸ் போயிரும், ஸ்லீவ் போட்டு கிரிம்ப் பண்ணணும், அதாவது நசுக்கி இறுக்கணும். வேற வழியே இல்லன்னா காலக் குறட்டால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு சட்டுன்னு சால்டர் பண்ணணும்.

இப்ப கெப்பாசிட்டர். நம்பர் தெரியாதப்ப நான் செய்யிறது, சின்னதுல இருந்து மேல போறது. 1, 1.2, 1.5 மூணும் கடையிலயே இருந்துச்சு, முதல்ல மூணையும் மீட்டர்ல அளந்து எடுத்துக்கிட்டேன். ஒவ்வொண்ணாப் போட்டு 3ஆம் வேகத்துல ஒரு மணி நேரம் ஓட விட்டு, கெப்பாசிட்டர் குறுக்க வோல்ட்டும், துணை வைண்டிங் கரண்ட்டும், மோட்டார் உடம்போட சூடும் எழுதினேன். இவ்வளவு சின்னக் கரண்ட்ட கிளாம்ப் மீட்டர் ஒழுங்கா காட்டாது, அதனால வயர கிளாம்ப் உள்ள பத்து சுத்து சுத்தி வர்ற அளவப் பத்தால வகுத்தேன். கடைக் கரண்ட் அன்னைக்கு 232 வோல்ட்.

1 போட்டா ஒண்ணாம் வேகத்துல ஸ்டார்ட்டே ஆகல, அத அப்பவே தள்ளி வச்சிட்டேன். 1.2ல கெப்பாசிட்டர் மேல 302 வோல்ட், கரண்ட் 114 மில்லி ஆம்பியர், ஒரு மணி நேரத்துல உடம்பு 57 டிகிரி. 1.5ல 316 வோல்ட், 149 மில்லி ஆம்பியர், 62 டிகிரி. பாடத்துக்காக அந்தப் பழைய 2.5யையும் இருபது நிமிசம் மட்டும் பக்கத்துலயே நின்னு ஓட்டினேன், 315 வோல்ட், 247 மில்லி ஆம்பியர், 80 டிகிரியத் தாண்டி ஏறிக்கிட்டே போச்சு, நிப்பாட்டிட்டேன். 480 ஓம் வைண்டிங்ல 149 மில்லி ஆம்பியர் போனா சூடா மாறுறது 11 வாட்டுக்குள்ள. 247 போனா 29 வாட். வித்தியாசம் ரெண்டே முக்கால் மடங்கு, ஒரு சின்ன சால்டரிங் அயன மோட்டாருக்குள்ள சொருகி வச்ச மாதிரி, அதுவும் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்.

அந்த வோல்ட்டக் கவனிச்சீங்களா? வீட்டுக்கு வர்றது 232, ஆனா கெப்பாசிட்டர் மேல 316. வைண்டிங்கும் கெப்பாசிட்டரும் வரிசையா இருக்கிறப்ப ஒண்ணோட வோல்ட் இன்னொண்ணுக்கு எதிர்ப்பக்கமா நிக்கிறதால இப்பிடி வரும். அதனாலதான் "230 வோல்ட் லைனுக்கு 250 வோல்ட் போதுமே"ன்னு வாங்கக் கூடாது, 400, 440, 450 இதுல ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும். வோல்ட் கூட இருந்தா தப்பில்ல, மைக்ரோ ஃபராட்தான் அதேதான் வேணும். இன்னொரு பொறி, 400 வோல்ட்னு எழுதியிருக்கும், பக்கத்துல டிசின்னு இருக்கும், இல்லாட்டி ஒண்ணுமே இருக்காது. 316 ஏசியோட உச்சம் 447 வோல்ட், 400 டிசி தாங்குற பாகத்துக்கு அது முதல் நாள்ல இருந்தே மேல. ஏசின்னு எழுத்துல இருக்கணும், இல்லாட்டி ஒரு மேடும் ஒரு பள்ளமும் உள்ள ஒரு அலைக்கோடு போட்டிருக்கணும். எலக்ட்ரோலிட்டிக்கு, அதான் ப்ளஸ் மைனஸ் உள்ள உருண்டை, அத ஃபேன்ல போட்டா வெடிக்கும்.

லேபிள்ல நான் பாக்கிற மத்த விசயங்களையும் சொல்லிர்றேன். சிபிபி 61னா பெட்டி வடிவம், சிபிபி 60னா உருளை, உள்ள ரெண்டும் பாலிப்ரொப்பிலின் ஃபிலிம்தான். ஜேன்னு எழுத்து இருந்தா 5% கூடக் கொறைய, கேன்னா 10%. 40/70/21னு இருந்தா மைனஸ் 40ல இருந்து 70 டிகிரி வரைக்கும், ஈரச் சூட்டுல 21 நாள் டெஸ்ட் பண்ணினதுன்னு அர்த்தம், மழையும் மூடுபனியும் உள்ள நம்ம ஊருக்கு அந்தக் கடைசி நம்பர் ரொம்ப முக்கியம். அப்பறம் ஆயுள் வகுப்பு, ஐஈசி 60252ங்கிற சர்வதேசத் தரத்துப்படி ஏ 30,000 மணி, பி 10,000, சி 3,000, டி 1,000. இப்ப அந்த 18 மணி நேரக் கணக்க எடுங்க, 3,000 மணின்னா அஞ்சரை மாசம், 10,000னா ஒன்றரை வருசம். இது முழு வோல்ட்ல, முழுச் சூட்டுல வச்சுச் சொல்ற கணக்கு, 450 போட்டு 316ல ஓட்டினா அத விடக் கூடத்தான் வரும், இருந்தாலும் படுக்கையில இருக்கிறவருக்கு ஓடுற ஃபேனுக்கு சி வகுப்பு நான் போட மாட்டேன். விலை வித்தியாசம் ஒரு டீயும் வடையும்தான்.

புதுசுன்னு நம்பி அப்பிடியே போடவும் கூடாது. ஒரே நம்பர் போட்ட மூணு பெட்டி வாங்கினேன், எல்லாத்துலயும் 1.5, எல்லாத்துலயும் 5%. 1.425ல இருந்து 1.575க்குள்ள வரணும். ரெண்டு சரியா வந்துச்சு, மூணாவது 1.31. அது மத்ததுல பாதி சைஸ்தான், கையில வச்சாலே பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு. மெல்லிசு ஃபிலிம் போட்டு அதே நம்பர் அடிச்சா பெட்டி சின்னதாகத்தான் வரும், அதனால ரெண்டுல ஒண்ணு எடுக்கணும்னா பெருசையும் கனமா இருக்கிறதையும் எடுங்க, மூடிக்குள்ள அடங்கினாச் சரி. நம்பர் கிடைக்கலன்னா 1யும் 0.5யும் பக்கவாட்டுல சேத்தா 1.5 வந்துரும், ரெண்டும் 400 ஏசியோ அதுக்கு மேலயோ இருக்கணும், வரிசையா சேத்தா கொறைஞ்சுரும்.

கையில ஷாக் அடிக்கிறத பத்தியும் ஒரு வார்த்த. வைண்டிங் நல்லா இருந்தா ப்ளக்க உருவினதும் கெப்பாசிட்டர்ல உள்ள சார்ஜ் ரெண்டு வைண்டிங் வழியா தானாவே எறங்கிரும். அந்த ரெண்டுல ஒண்ணு அத்துப் போன ஃபேன்லதான் சார்ஜ் அப்பிடியே நிக்கும். நீங்க தெறக்கிறது கெட்டுப் போன ஃபேன், அதனால எப்பவும் சார்ஜ் நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டே தொடங்க. நான் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர ரெண்டு காலுக்கும் குறுக்க கொஞ்ச நேரம் வச்சிட்டுத்தான் வெட்டுவேன்.

சூடு கொறைவா இருக்கு, வைண்டிங் ஏற்கெனவே வெந்தது, ஒண்ணாம் வேகத்துலயும் ஸ்டார்ட் ஆகுதுன்னு பாத்து நான் 1.2 போட்டுக் குடுத்தேன். அங்கதான் எனக்குத் தப்பிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு பெரியம்மா போன் பண்ணினாங்க, "தம்பி, பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஒண்ணுல போட்டா சுத்த மாட்டேங்குது, உம்முனு நிக்குது, ரெண்டுல போட்டா பெரியப்பாவுக்குக் குளிருது"ன்னாங்க. சாயந்தரம் கடையப் பூட்டிட்டு மீட்டரோட கடைசி பஸ்ல போனேன். ஏழரை மணி, எல்லா வீட்டுலயும் லைட்டு, டீவி, ரைஸ் குக்கர். ப்ளக் பேஸ்ல அளந்தா 198 வோல்ட். சட்டப்படி 230ல 6%க்கு மேல ஏறவோ எறங்கவோ கூடாது, அதாவது 216க்குக் கீழ வரக் கூடாது, ஆனா டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தூரமா லைன் கடைசில இருக்கிற லயத்துல ராத்திரி நெலம இதுதான். ஸ்டார்ட் ஆகுற இழுவை வோல்ட்டோட வர்க்கத்துல எறங்கும், 232ல நூறுன்னா 198ல 73தான். கடை பெஞ்சுல 232ல பாத்து முடிவெடுத்தது அந்த வீட்டுக்குச் சரியா வரல. ஃபேன் எத்தன வோல்ட்ல ஓடப் போகுதுன்னு நான் முதல் நாளே கேட்டிருக்கணும்.

நான் மூடியக் கழட்டிக்கிட்டு இருக்கிறப்ப பெரியம்மா ஒரு பிஸ்கட் டின்ன எடுத்துக்கிட்டு வந்தாங்க, பொத்தான், ஊசி, பழைய ரேஷன் கார்டுக்கு நடுவுல அந்தப் பழைய கெப்பாசிட்டர். "நீங்க கேட்டதுல இருந்து தேடிக்கிட்டே இருந்தேன்"னாங்க. எழுத்து பாதி அழிஞ்சிருந்துச்சு, ஆனா 1.5, 400, அலைக்கோடு மூணும் படிக்க முடிஞ்சுச்சு. அளந்தா 0.62. பாதிக்கும் கீழ. அங்கேயே 1.5 மாத்தினேன், நல்லா வந்த ரெண்டுல ஒண்ணு. 198 வோல்ட்ல ஒண்ணாம் வேகத்துல பட்டன அமுக்கினதும் மெதுவா, ஆனா நிக்காம எடுத்துச்சு. பெரியப்பா பேச முடியாது, ஃபேன் பக்கம் தலையத் திருப்பிக் கண்ண மூடிக்கிட்டாரு.

அந்தப் பழையத நான் கேட்டு வாங்கிட்டு வந்து பெஞ்சுல வச்சுப் பொளந்து பாத்தேன். ரெசினத் தட்டி எடுத்தா உள்ள ஃபிலிம் சுருள், அத ரெண்டு மொழம் உருவி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சா அந்துப்பூச்சி அரிச்ச சேலை மாதிரி குண்டூசி முனை அளவு ஓட்டை ஓட்டையா வெளிச்சம் வருது, ஓரத்துல உலோகப் பூச்சு ஒரு விரல் அகலத்துக்கு மறைஞ்சு வெறும் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தடவ உள்ள பொத்துக்கிட்ட எடம், பொத்துக்கிட்டதும் சுத்தி உள்ள பூச்சு ஆவியாகித் தன்னைத் தானே மூடிக்கிச்சு, ஆனா அந்த அளவுக்குப் பரப்பு கொறைஞ்சு போச்சு. மார்ச் ஏப்ரல்லயும் அக்டோபர் நவம்பர்லயும் மத்தியானத்துக்கு மேல இடி இடிக்கிறப்ப லைன்ல வர்ற அடியாலயும் இப்பிடிப் புள்ளி விழும். ஓரம் அரிக்கிறது ஈரம். கெப்பாசிட்டர் ஒரே நாள்ல சாகிறது கொறைவு, இப்பிடித்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும், அதனாலதான் வெளிய ஊதாம வெடிக்காம புதுசு மாதிரி இருக்கிறதக்கூட மீட்டர்ல அளக்கச் சொல்றேன்.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பக்கம் வேற வேலைக்குப் போனப்ப மறுபடியும் போய்ப் பாத்தேன். பகல் 2 மணி, தகரம் கொதிக்குது, லைன்ல 224 வோல்ட், ஃபேன் காலையில இருந்து ஓடுது, உடம்பு 64 டிகிரி, வாடை இல்ல. கெப்பாசிட்டர் 1.49 காட்டுச்சு. பின் மூடிக்கு உள்பக்கம் பெயின்ட் பேனாவால பெருசா "1.5 – 450 ஏசி – ஃபியூஸ் 125, முறுக்காதீங்க"ன்னு எழுதி, பெரியம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் ஸ்க்ரூவ இறுக்கினேன்.